முழங்காலுக்கு ஒரு அருவி

சபதம் செய்கிறவர்கள் பொதுவாகத் தொடையைத் தட்டுவார்கள். நான் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்ததால் கிணற்றுச் சுவரைத் தட்டினேன். "இந்த அமாவாசைதான் கடைசி" என்றேன். வாயில் பல்பொடி இருந்ததால் எனக்கே புரியவில்லை. கொப்பளித்துவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, இன்னொரு தடவை தைரியமாகச் சொன்னேன்.

என் சபதத்துக்குக் காரணம் என் விலாசம். திருவள்ளூரில் வீரராகவப் பெருமாள் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. அமாவாசைதோறும் ஊர் உலகமெல்லாம் இங்கே வந்து குளத்தில் முழுகும். உடம்பில் எங்கே கோளாறோ அந்த இடத்தை நினைத்துக்கொண்டு ஒரு கட்டி வெல்லத்தைத் தண்ணீரில் கரைக்கும். வெல்லம் கரைகிற மாதிரி வலியும் கரையும் என்பது நம்பிக்கை. கரைத்தவர்கள் அன்று சாயங்காலமே ரயிலேறிவிடுவார்கள். என் மனைவி கமலவல்லியின் உறவுக்காரர்கள் மட்டும் அத்தனை சுலபத்தில் கரைவதில்லை. வந்தால் மூன்று நாள்.

முதலில் அவளுடைய அத்தை அலர்மேல்மங்கை. திருவல்லிக்கேணியிலிருந்து வலது முழங்காலில் வலியோடு வருவாள். என் சாய்வு நாற்காலி அவள் முழங்காலுக்கு. வீட்டில் உள்ள ஒரே மின்விசிறி அவள் முகத்துக்கு. அப்புறம் கமலாவின் தம்பி பாஷ்யம், அவன் மனைவி ஸத்யபாமா, அவர்களுடைய குழந்தைகள். எத்தனை குழந்தைகள் என்று கேட்காதீர்கள். ஓர் இடத்தில் நின்றால்தானே எண்ண முடியும். இத்தனை பேருக்கும் இடம் விட்டு, நான் பின்கட்டில் விறகுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொள்வேன்.

நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். அங்கே என் கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட் நகராது. வீட்டில் என்னையே கேட்காமல் என்னை நகர்த்துகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஒரு கார் இருந்தது. பழைய லாண்ட்மாஸ்டர். வாங்கிய கொஞ்ச நாளில் பெட்ரோல் விலை ஏறியது. அன்றைக்கே அதன் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடினேன். ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாயை விலக்குவேன், துடைப்பேன், உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பேன், மறுபடி மூடுவேன். வேலைக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் போய் வந்தேன். கார் வைத்திருக்கிறவன் என்ற கௌரவம் எனக்கு. அதில் எங்கேயும் போனதில்லை என்ற குறை கமலாவுக்கு.

இப்படி இருக்கும்போதுதான் போன அமாவாசை முடிந்து கிளம்புகிற நேரத்தில் அத்தை வாசலில் நின்று அந்தக் குண்டைப் போட்டாள்.

"மாப்பிள்ளே, மாசாமாசம் ரயில் ஏறி இறங்க இந்த முழங்கால் இடம் குடுக்கல. அடுத்த தடவை வரச்சே பெட்டி படுக்கையோட வந்துடறேன். இங்கயே இருந்தா தினமும் குளத்துல முழுகலாமோல்லியோ?"

நான் கமலாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அப்படி ஒன்றுமே இல்லாத முகத்தை நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மூன்று நாள் போய்விட்ட நாற்காலி நாலாம் நாள் திரும்பி வரும் என்ற நம்பிக்கையில்தான் நான் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். இனி அது என்றைக்குமே வராது. விறகுதான் எனக்கு நிரந்தரம். அதனால்தான் அந்தக் கிணற்றடிச் சபதம்.

சபதம் செய்துவிட்டேனே தவிர, நிறைவேற்ற வழி தெரியவில்லை. வழி காட்டினவன் எங்கள் தொழிற்சாலை ஃபிட்டர் பாக்கியராஜ்.

"இன்னா சார், மூஞ்சி ஒரு மாரி கீது?" என்றான்.

சொன்னேன். பாயிலிருந்து விறகு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன்.

"இதுக்கா சார் பேஜாராவுறீங்க? எங்கூட்ல என் மச்சான் தாவீது இல்ல? வாரா வாரம் வந்துகினே இருந்தான். வருவான், நாஷ்டா துன்வான், தூங்குவான். ஒரு நாளு அவன இட்டுகினு சத்தியவேட்டுக்கு அந்தாண்ட காட்டுக்குள்ள போனேன். கல்லு, முள்ளு, ஆத்தத் தாண்டணும், பாறை ஏறணும், அப்பால ஒரு அருவி. அத்தோட சரி சார்."

"அத்தோட?"

"அன்னிலேர்ந்து இன்னி வரிக்கும் எங்க ஊட்டுப் பக்கம் தல வச்சிப் படுக்கல."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"காட்டுல கரடி இருக்கா, பாக்கியராஜ்?"

"கீதுன்னு சொல்லிக்கினு கீறாங்க. நான் பாத்ததில்ல."

இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டேன். வழி காட்ட அவனே வருவதாகச் சொன்னான். சத்தியவேடு பஸ் நிற்கிற இடத்தில் ஏறிக்கொள்வான். திட்டம் தயார். அன்று வீட்டுக்குள் நுழையும்போதே நான் மீசையை முறுக்கிக்கொண்டு நுழைந்தேன். எனக்கு மீசை கிடையாது. இருந்தாலும் அந்த இடத்தை முறுக்கினேன்.

"கமலா, அடுத்த அமாவாசைக்கு உன் மனுஷாளை எல்லாம் நான் காரில் அழைச்சுண்டு போகப்போறேன். காடு, மலை, அருவி எல்லாம் காட்டப்போறேன்."

முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"காரிலயா? தூசி படும்னு மூடி வெச்சிருக்கேளே, அந்தக் காரிலயா?"

"அதிலேதான்."

"பெட்ரோல் விலை எறங்கிடுத்தா?"

"உன் மனுஷாளைவிடப் பெட்ரோல் பெரிசா?"

"அப்படியா" என்றாள். இன்னொரு காயை எடுத்து நறுக்கினாள். "அத்தை எப்படி வருவா? குளத்துப் படி இறங்கவே ரெண்டு பேர் பிடிச்சுக்கணும்."

அதை நான் யோசிக்கவில்லை. திட்டத்தின் மூல விக்கிரகமே அத்தைதான். அவள் வராமல் மற்றவர்கள் நடந்து என்ன பிரயோஜனம்.

"அந்த அருவில வெல்லம் கரைச்சா முழங்காலுக்கு விசேஷம்னு யாராவது சொன்னா, தவழ்ந்தாவது வந்துடுவா" என்றாள் கமலா. "ஆனா அப்படி யாரும் சொல்லலையே. சரி, கொத்தமல்லி வாங்கிண்டு வந்தேளா?"

சொன்னதை அவள் அடுத்த நிமிஷமே மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை. காபி குடித்து முடிப்பதற்குள் அது என்னுடைய யோசனையாகவே ஆகிவிட்டது. என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அத்தை முதல் நாளே சொன்னபடி வந்து இறங்கினாள். பெரிய தகரப் பெட்டி. என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். நாளைக்கு இதே பெட்டி இதே வாசல் வழியாகப் போகும்.

"அத்தை, காட்டுக்குள்ளே ஒரு அருவி இருக்கு. ஒரு ரிஷி அங்கே தபஸ் பண்ணினார். ஒத்தைக் காலில் நின்னு நின்னு அவருக்கு முழங்கால் போயிடுத்து. அமாவாசையன்னிக்கு அந்தத் தண்ணியில வெல்லம் கரைச்சார். கால் சரியாயிடுத்து."

"எந்த ரிஷி மாப்பிள்ளே?"

"பேரே சொல்லிக்காத ரிஷி. அதனாலதான் அங்கே கூட்டம் சேரல."

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பாஷ்யமும் போட்டுக்கொண்டான். கமலா மட்டும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். பக்தி என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் எல்லோரும் குளத்தில் முழுகினார்கள். பாஷ்யம் தர்ப்பணத்தை முடித்துவிட்டு வந்தான். கமலா ஒரு தூக்கு நிறையப் புளி அவலும் ஒரு டின் தட்டையும் கொண்டுவந்து காரில் வைத்தாள். தானும் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள். நான் சாவியைப் போட்டேன்.

"ஏன்னா, சத்தியவேட்டுல உங்க பாக்கியராஜ் ஏறணுமே. அவர் எங்க உக்காருவார்?"

திரும்பிப் பார்த்தேன். காருக்குள் காற்று புகுவதற்கே இடம் இல்லை.

"வழி தெரிஞ்சவரை விட்டுட்டு நான் எதுக்கு?" என்று இறங்கிவிட்டாள். "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்கோ. எனக்குக் குடுத்து வெக்கல."

தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இவளை ஒரு நாளாவது தனியாக எங்கேயாவது அழைத்துப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கார் நகர்ந்தது. பின்னால் கதவைத் தாழ் போடுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் அவசரமாகவே கேட்டது.

ஊத்துக்கோட்டை வரைக்கும் எந்தப் பள்ளத்தையும் நான் விடவில்லை. நல்ல ரோடு ஒரு பக்கம் இருந்தால் நான் இன்னொரு பக்கம் போனேன். காருக்குள் எல்லோரும் எம்பி எம்பி விழுந்தார்கள். ஒவ்வொரு தடவையும் குழந்தைகள் இன்னொரு தடவை என்று கேட்டார்கள்.

"அத்திம்பேர், ஊஞ்சல்ல உக்காந்த மாதிரி இருக்கு" என்றான் பாஷ்யம்.

"இடுப்புல ஒரு பிடிப்பு இருந்தது. இப்போ விட்டுடுத்து" என்றாள் ஸத்யபாமா.

ஆரணி ஆற்றுப் பாலம் தாண்டியதும் இடது பக்கம் மலைகள் வரிசையாக எழும்பின. அத்தை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஒவ்வொரு மலைக்கும் ஒரு கும்பிடு போட்டாள். சத்தியவேட்டில் பாக்கியராஜ் ஏறினான். ஏறினான் என்றால் கதவில் ஒட்டிக்கொண்டான். கமலா சொன்னது எவ்வளவு சரி என்று நினைத்தேன்.

வண்டிப் பாதை முடிகிற இடத்தில் காரை நிறுத்தினோம். அங்கிருந்து ஒற்றையடிப் பாதை. முதலில் மூங்கில் புதர், பிறகு உருண்டைக் கற்கள் நிறைந்த ஓடை, ஓடையைத் தாண்டினால் பாறை, பாறை ஏறினால் மறுபடி ஓடை. பார்த்ததும் எனக்கு உள்ளம் குளிர்ந்தது. பாக்கியராஜ் ஒரு மூங்கிலை ஒடித்து அத்தை கையில் கொடுத்தான்.

"பாத்து நடங்க ஆயா."

அத்தை ஒரு அடி வைத்தாள். முனகினாள். இன்னொரு அடி வைத்தாள். முனகினாள். நான் காத்திருந்தேன். மூன்றாவது ஓடையில் முனகல் நின்றது. பெருமாள் நாமம் ஆரம்பமானது. நான்காவது ஓடையில் அவள் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"அத்தை, மெதுவா. முழங்கால்" என்று நான் கத்தினேன்.

"சின்ன வயசுல திருமலைக்கு நடந்தே ஏறினவ நான். நீங்க மெதுவா வாங்கோ" என்று பதில் வந்தது.

நடுவில் ஒரு மேடு வந்தது. ஏறி நின்றதும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். கீழே காடு. காடு முடிகிற இடத்தில் கிழக்கே பழவேற்காட்டு ஏரி வெள்ளைத் தகடாகக் கிடந்தது. அதற்கு அப்பால் மெல்லிய கோடாகக் கடல். குழந்தைகள்கூட ஓர் இடத்தில் நின்றன. அன்றைக்குத்தான் அவர்களை எண்ண முடிந்தது. நாலு பேர். எனக்கும் அந்த இடத்தை விட்டு நகர மனமில்லை. பிறகு நான் எதற்கு வந்தவன் என்பது ஞாபகம் வந்தது. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடியே கம்பீரமாக ஒரு அடி எடுத்து வைத்தேன். அந்த இடத்தில் பாசி இருந்தது.

விழுந்தபோது வலது முழங்காலில்தான் அடி. உடம்பில் இத்தனை உறுப்புகள் இருக்க, அதே முழங்கால்.

மீதிப் பாதையை நான் பாஷ்யத்தின் தோளில் ஒரு கையும் பாக்கியராஜின் தோளில் ஒரு கையுமாகக் கடந்தேன். அருவிக்குப் போய்ச் சேர்ந்தபோது அத்தை ஏற்கெனவே தண்ணீருக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். வெல்லம் கரைத்தாகிவிட்டது. மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு வலது காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள்.

"மாப்பிள்ளே, வலியே இல்லை. ரிஷி பொய் சொல்லல."

ரிஷியை உண்டாக்கினவன் பாறை மேல் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு தட்டை தின்றான். ஸத்யபாமா பாடினாள். பாஷ்யம் நீந்தினான். யார் முகத்திலும் களைப்பின் சாயல்கூட இல்லை. அப்போதுதான் மரங்களுக்குள்ளிருந்து ஒரு ஆள் ஒரு குடம் மோரோடு வந்து பாக்கியராஜின் முதுகில் தட்டினான்.

"இவுருதான் சார் நம்ம மச்சான், தாவீது" என்றான் பாக்கியராஜ்.

நான் கையிலிருந்த தட்டையைக் கீழே வைத்தேன். "பாக்கியராஜ், இவர் அப்புறம் உன் வீட்டுப் பக்கமே வரலேன்னு சொன்னியே."

"ஆமா சார். எதுக்கு வர்றான்? எடம் அம்மாம் புடிச்சிப் பூட்சி. அன்னிக்கே தேடிப் பாத்து, தோ அந்தக் கொல்லையாண்ட ஊடு கட்டிகினான். இப்போ நாங்கதான் குடும்பத்தோட வாரா வாரம் இங்க வந்துகினு கீறோம்."

இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் கேட்கவில்லையாம்.

திரும்பும்போது என்னால் ஆக்ஸிலரேட்டரையோ பிரேக்கையோ மிதிக்க முடியவில்லை. என் லாண்ட்மாஸ்டரைப் பாக்கியராஜ் ஓட்டினான். முன்சீட்டில் அத்தை. நான் பின்னால், என் மேல் நாலு குழந்தைகள். கடலைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று பாஷ்யம் பிடிவாதம் பிடித்ததால் தடா வழியாக ஏரிக்கரைக்குப் போனோம். நாரைகள் பார்த்தார்கள். ஆரம்பாக்கத்தில் இளநீர் குடித்தார்கள். கும்மிடிப்பூண்டி வந்ததும் நான் குழந்தைகளுக்கு நடுவிலிருந்து ஒரு விரலை எடுத்து, "அதுதான் எங்க தொழிற்சாலை" என்று காட்டினேன். எல்லோரும் எதிர்ப்பக்கம் ஒரு குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொன்னேரி தாண்டும்போது அத்தை முன்சீட்டிலிருந்து திரும்பினாள். முகம் மலர்ந்திருந்தது.

"உங்களுக்கு நல்ல மனசு மாப்பிள்ளே. நான்தான் முதல்ல நம்பல. கமலா சொன்னபோது, போடி, அவராவது காரை எடுக்கறதாவதுன்னேன்."

"கமலா என்ன சொன்னா?"

"இங்கயே வந்து தங்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோ அத்தை, அடுத்த அமாவாசைக்குள்ள தார்ப்பாய் தானா நகரும்னா. சமத்து."

என் மடியில் இருந்த குழந்தை என் முழங்காலில் ஏறி நின்றது. எனக்கு அது உறைக்கவே இல்லை.

"அப்போ அந்தத் தகரப் பெட்டி?"

"காலிப் பெட்டிதான். மூணு நாளைக்கு எதுக்கு அத்தனை துணி? போகச்சே கமலா வடாம் போட்டுத் தரேன்னா. இனிமே குளம் ஒரு நாள், அருவி ஒரு நாள்னு வெச்சுக்கலாம். என் ஓரகத்திக்கும் முழங்கால் வலி. அவளையும் கூட்டிண்டு வந்துடறேன்."

வீட்டுக்கு வந்தோம். கமலா கதவைத் திறந்தாள். தலையில் புது மல்லிகைப் பூ. கல்யாணப் போட்டோவில் இருந்ததற்கு அப்புறம் அந்த முகத்தை அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை. கூடம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நடுவில் என் சாய்வு நாற்காலி. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நாற்காலிக் கையில் ஒரு வாரப் பத்திரிகை குப்புறக் கிடந்தது. பக்கத்தில் பாதி தின்ற வேர்க்கடலைக் கிண்ணம்.

மற்றவர்கள் கிணற்றடிக்குப் போனதும் அவள் வேப்பெண்ணெயைக் காய்ச்சிக்கொண்டு வந்து என் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை எல்லாம் சொல்லிட்டா" என்றேன்.

"சொல்லுவா. வாயில ஒண்ணும் தங்காது" என்று தேய்த்தாள்.

"இவ்வளவு சூழ்ச்சி எதுக்கு? காரை எடுங்கோன்னா எடுக்க மாட்டேனா?"

"பொங்கலுக்குச் சொன்னேன். ஆடிப்பெருக்குக்குச் சொன்னேன். துணியை எடுத்துண்டு துடைக்கப் போனேள்."

"சரி, எடுத்தாச்சே. நீயும் வந்திருக்கலாமே. மேட்டிலேருந்து கடல் தெரிஞ்சது. நீ பார்த்திருக்கணும்."

அவள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"எனக்குக் கடல் வேண்டாம். அமாவாசைன்னா எனக்கு அடுப்பு மட்டும்தான். ஒரு அமாவாசையாவது இந்த ஆத்துல ஒருத்தரும் இல்லாம, நான் மட்டும், அந்த நாற்காலில, அந்தக் காத்துக்கு அடியில கால் நீட்டிண்டு உக்காரணும்னு இருந்தது. இன்னிக்கு உக்காந்தேன். அப்படியே தூங்கிட்டேன்."

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. நாற்காலி போயிற்று என்று நான் புலம்பினேனே, அவள் அதில் ஒரு நாளும் உட்கார்ந்ததே இல்லை. திட்டத்தில் தோற்றவன் பெருந்தன்மையிலாவது ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கமலா, அடுத்த அமாவாசைக்கும் அவா போகட்டும். பாக்கியராஜ் கார் ஓட்டட்டும். நான் போகல. ஆத்துல நாம ரெண்டு பேர் மட்டும் இருக்கலாம். நாற்காலி உனக்கு. நான் கீழே உக்காந்துக்கறேன்."

கமலா மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஒரு கட்டி வெல்லத்தை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"நன்னாயிருக்கே, இந்த முழங்காலை வெச்சுண்டா? அடுத்த தடவை காரில நீங்கதான் முதல்ல ஏறணும்."